பல்கலைக்கழக ஆற்றல் ஆய்வு மொட்டைமாடி வரை வந்து சேருமா?

கேள்வி இது: "இ.இ.இ. மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஆற்றல் துறையில் எம்.டெக்., அப்புறம் பிஎச்.டி. வரை போக ஆசை. வீட்டில், 'காலேஜ் ஆராய்ச்சியெல்லாம் பேப்பர் போடுவதோடு சரி, கம்பெனிக்காரன்தான் உருப்படியாகச் செய்கிறான்' என்கிறார்கள். பல்கலைக்கழக ஆய்வகத்தில் தொடங்கி நம் வீட்டு கரண்ட் பில் வரை வந்த ஓர் ஆராய்ச்சியாவது இருக்கிறதா? எவ்வளவு காலம் பிடித்தது?"

இருக்கிறது. கடந்த ஐந்தாறு வருடங்களில் சோலார் போட கொட்டேஷன் வாங்கிய யாரிடமாவது அந்தத் தாளைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 'மோனோ பெர்க்' என்று இருக்கும். பெர்க் என்பது பேனலுக்குள் இருக்கும் சிலிக்கன் செல்லின் ஒரு வகை. அந்த பெர்க் செல்லின் யோசனை சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 1983-ல் எழுதப்பட்டது. 1989-ல் ஆய்வகத்தில் செய்துகாட்டி வெளியிட்டார்கள். தொழிற்சாலைகள் அதை உண்மையில் கையில் எடுத்தது 2012, 2013 வாக்கில். 2019-க்குள் உலகில் தயாரான சோலார் செல்களில் பாதிக்கு மேல் அதுதான். ஆக, யோசனையிலிருந்து மொட்டைமாடிக்கு வர முப்பது வருடத்துக்கும் மேல்.

உங்கள் வீட்டில் சொல்வதில் பாதி சரி. பேனலைச் செய்தது கம்பெனிதான், விலையைக் குறைத்ததும் கம்பெனிதான். ஆனால் எதைச் செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும், எவ்வளவு தூரம் போகலாம் என்ற கணக்கு ஒரு பொறியியல் துறையில் போடப்பட்டது. அந்தக் கணக்கைப் போடத் தெரிந்த ஆட்களும் அங்கிருந்துதான் தொழிற்சாலைக்குப் போனார்கள். நான் செல் அளக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். அதனால் இந்த ஒரு கதையையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பத்து ஆராய்ச்சிகளின் பெயரை அடுக்குவதைவிட ஒன்றை முழுதாகப் பார்ப்பது உங்களுக்கு உதவும்.

பெர்க் பிறந்த குழுவை நடத்திய பேராசிரியர் மார்ட்டின் கிரீன் 1974-ல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். முந்தைய வருடம்தான் எண்ணெய் விலை உலகத்தையே உலுக்கியிருந்தது. அப்போது சோலார் செல் என்பது செயற்கைக்கோளில் ஒட்டும் விலையுயர்ந்த பொருள். கிரீனின் குழு புதிய பொருள் எதையும் தேடிப் போகவில்லை. எல்லோருக்கும் தெரிந்த சிலிக்கனையே எடுத்துக்கொண்டது. இந்தப் பொருளால் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும், இப்போது எவ்வளவு தருகிறது, இடையில் உள்ளது எங்கே போகிறது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு அதைவிட்டு நகரவே இல்லை.

இந்த இழப்புக் கணக்குதான் ஆற்றல் ஆராய்ச்சியின் முதுகெலும்பு என்பது என் கருத்து. மின்விசிறியானாலும் கொதிகலனானாலும் பேட்டரியானாலும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. சிலிக்கனுக்கு அந்தக் கணக்கு இப்படிப் போகும். சிலிக்கனில் ஓர் எலெக்ட்ரானைக் கிளப்ப 1.12 எலெக்ட்ரான்வோல்ட் வேண்டும். அதைவிடக் குறைந்த ஆற்றலுள்ள அகச்சிவப்பு ஒளி சிலிக்கனை ஊடுருவிப் போய்விடும். வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இப்படிக் கைக்கு வராது. நீல, பச்சை ஒளியிடம் தேவைக்கு மேல் ஆற்றல் உண்டு. அந்த மிச்சம் சூடாகப் போகும், அது சுமார் மூன்றில் ஒரு பங்கு. இந்த இரண்டையும் ஒற்றைப் பொருளால் ஆன செல்லில் யாராலும் தடுக்க முடியாது. இந்த வகைக் கணக்கை 1961-ல் ஷாக்லியும் குவைசரும் போட்டுக்காட்டினார்கள். சிலிக்கனின் தனிக்குணங்களையும் சேர்த்தால் உச்சவரம்பு 29.4% என்று இன்று ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நல்ல ஆய்வகச் செல்லே 17, 18 சதவீதத்தில்தான் நின்றது. 18-க்கும் 29-க்கும் இடையே இருக்கும் அந்த 11-தான் பொறியாளரின் நிலம்.

சரி, அந்த 11 எங்கே போகிறது? இதைப் புரிந்துகொள்ள சாதாரண செல்லை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். போரான் கலந்த சிலிக்கன் தகட்டை எடுத்துக் காரக் கரைசலில் அரிப்பார்கள். மேற்பரப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பிரமிடுகள் எழும்பும். ஒரு பிரமிடில் பட்டுத் திரும்பும் ஒளி அடுத்த பிரமிடில் விழும், வீணாகாது. பிறகு உலையில் வைத்து முன்பக்கம் பாஸ்பரஸை ஏற்றுவார்கள். அதன்மேல் 75 நானோமீட்டர் அளவுக்கு சிலிக்கன் நைட்ரைடு. பேனலுக்குக் கருநீல நிறம் தருவது இந்த ஏடுதான். அப்புறம் டி-ஷர்ட்டில் படம் அச்சிடுவது போலவே ஸ்கிரீன் வைத்து முன்பக்கம் வெள்ளிப் பசையால் கோடுகள் இழுப்பார்கள். பின்பக்கம் முழுக்க அலுமினியப் பசை பூசி, ஓடும் பட்டையில் வைத்து 800 டிகிரிக்குப் பக்கத்தில் உள்ள உலை வழியாகச் சில நொடிகளில் கடத்துவார்கள். அலுமினியம் உருகி சிலிக்கனோடு கலந்து ஒட்டிக்கொள்ளும். முடிந்தது செல். மலிவான, வேகமான, அருமையான முறை. முப்பது வருடம் இந்தத் தொழிலைத் தாங்கியது இதுதான்.

இதில் முன்பக்கத்துக்கு இவ்வளவு கவனம், பின்பக்கத்துக்கு வெறும் அலுமினியப் பூச்சு. கோளாறு அங்கேதான் இருந்தது. சிலிக்கன் படிகத்தின் உள்ளே ஒவ்வொரு அணுவும் நான்கு பக்கமும் பிணைந்திருக்கும். விளிம்புக்கு வந்தால் பிணைய ஆள் இல்லாமல் அணுக்களின் கைகள் தொங்கும். வெயில் கிளப்பிவிட்ட எலெக்ட்ரான் அங்கே போனால் மாட்டிக்கொண்டு, எலெக்ட்ரான் விட்டுவந்த காலியிடத்தோடு சேர்ந்து அழிந்துபோகும். உலோகம் நேரடியாகத் தொடும் இடத்தில் இந்த அழிவு இன்னும் மோசம். பழைய செல்லிலோ பின்பக்கம் முழுக்கவே உலோகம் தொட்டுக்கொண்டிருந்தது.

இன்னொரு நஷ்டமும் உண்டு. ஆயிரம் நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி சிலிக்கனுக்குள் சராசரியாக 150 மைக்ரான் போன பிறகுதான் உறிஞ்சப்படுகிறது. தகட்டின் தடிமனே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே நிறைய ஒளி பின்சுவர் வரை வந்து சேரும். அதைத் திருப்பி அனுப்பினால் இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கும். உருகி ஒட்டிய அலுமினியமோ 65, 70 சதவீதத்தைத்தான் திருப்பும். மீதியைத் தானே விழுங்கிச் சூடாகும்.

கிரீனின் குழு சொன்ன தீர்வு கேட்பதற்கு எளிது. பின்பக்கத்தை மின்கடத்தாத மெல்லிய ஏட்டால் மூடிவிடு. அந்த ஏடு தொங்கும் கைகளைக் கட்டிப்போடும், ஒளியையும் நன்றாகத் திருப்பும். மின்சாரம் வெளியே வர, ஏட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு துளைகள் போட்டு அங்கே மட்டும் உலோகத்தைத் தொடவிடு. மொத்தப் பரப்பில் சில சதவீதம் தொட்டாலே போதும். பெர்க் என்பது இவ்வளவுதான்.

1985-ல் இந்தக் குழுதான் முதலில் 20 சதவீதத்தைத் தாண்டியது. அது முன்பக்கத்தைச் செம்மைப்படுத்தியதால் கிடைத்த வெற்றி. பின்பக்க யோசனை 1983-லேயே அரசு நிதி அமைப்புக்கு எழுதிய அறிக்கையில் இருந்தாலும் கைகூடி வெளியானது 1989-ல்தான்: 22.8%. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஆண்ட்ரூ பிளேக்கர்ஸ். அப்புறம் ஜியான்ஹுவா ஜாவோ, ஐஹுவா வாங் என்ற தம்பதி கிரீனோடு சேர்ந்து பத்து வருடம் அதை மெருகேற்றினார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் 24.7% வந்தது. ஒளி நிறமாலையின் தர அளவுகோல் 2008-ல் திருத்தப்பட்டபோது அதே செல் 25.0% ஆனது. 2014 வரை சிலிக்கனில் அதுவே உலகச் சாதனை. ஒரே பல்கலைக்கழகக் குழு, ஒரே பொருள், ஏறக்குறைய முப்பது வருடம் முன்வரிசையில்.

அந்த 25 சதவீதச் செல்லை நீங்கள் நேரில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பரப்பு 4 சதுர செ.மீ.தான். பக்கத்துக்கு 2 செ.மீ. உள்ள சிறு சதுரம். 706 மில்லிவோல்ட் வோல்டேஜ், ஒரு சதுர செ.மீ.க்கு 42.7 மில்லிஆம்பியர். மிகத் தூய சிலிக்கன், ஐ.சி. செய்வது போல ஒளியால் வடிவம் பதிக்கும் ஒளி அச்சு பல கட்டமாக, தலைகீழாகக் குடைந்த பிரமிடுகள், மேலே இரண்டு அடுக்குப் பூச்சு. எந்தத் தொழிற்சாலையும் அதை அப்படியே செய்ய முடியாது. 'இதனால் யாருக்கு என்ன லாபம்' என்று அன்றைக்குக் கேட்டவர்கள் நிறைய.

லாபம் என்னவென்றால், அந்தச் செல் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது. சிலிக்கனின் உள்ளே பெரிய தடை ஏதும் இல்லை, பரப்புகளைச் சரிசெய்தால் 25 வரை போகலாம் என்பது அளந்து காட்டப்பட்டுவிட்டது. அதன்பிறகு தொழிற்சாலைக்காரர் 15 சதவீதத்தில் நின்றால், காரணம் பொருளில் இல்லை, தன் செய்முறையில்தான் இருக்கிறது என்று அவருக்கே தெரியும். இது பெரிய விஷயம்.

அப்படியானால் ஏன் இன்னொரு இருபது வருடம்? உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

முதல் காரணம் வேதியியல். சிட்னிக் குழு பின்பக்கத்தை மூடியது சிலிக்கன் ஆக்சைடால். அதை வளர்க்க ஆயிரம் டிகிரிக்குப் பக்கத்தில் நீண்ட நேரம் உலையில் வைக்க வேண்டும். நல்ல தகடு அதைத் தாங்கும், தொழிற்சாலையின் மலிவுத் தகடு தாங்காது, கெட்டுப்போகும். செலவும் கட்டுப்படியாகாது. சரி, முன்பக்கம் போடும் சிலிக்கன் நைட்ரைடையே பின்பக்கமும் போட்டால் என்ன? அதற்குள் நிலையான நேர்மின்னூட்டம் இருக்கிறது. போரான் கலந்த தகட்டின் பின்பக்கம் அதைப் போட்டால், அது எலெக்ட்ரான்களைப் பரப்புக்கு இழுத்து ஒரு மெல்லிய கடத்தும் அடுக்கை உண்டாக்கும். அந்த அடுக்கு வழியே மின்சாரம் ஓடி உலோகத் துளைகளில் கசியும். மூடியே ஓட்டையாகிவிடும்.

விடை நெதர்லாந்திலிருந்து வந்தது. ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அலுமினியம் ஆக்சைடை ஒவ்வோர் அணு அடுக்காகப் படியவைக்கும் முறையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 2006 வாக்கில், அந்த ஆக்சைடு சிலிக்கன் பரப்பை அபாரமாகச் சாந்தப்படுத்துகிறது என்று அவர்களும், பெல்ஜியத்தின் ஐமெக் ஆய்வுக்கூடமும் காட்டினார்கள். காரணம், அதற்குள் நிலையான எதிர்மின்னூட்டம் இருக்கிறது. அது எலெக்ட்ரான்களைப் பரப்பிலிருந்து தள்ளிவிடுகிறது. பின்பக்கத்துக்கு வேண்டியதும் அதுவே. பத்து நானோமீட்டர் போதும், குறைந்த வெப்பத்திலேயே போடலாம். ஜெர்மனியில் துளை போடும் வேலையை லேசருக்கு மாற்றினார்கள். ஒளி அச்சு தேவையில்லாமல் போனது. பிறகு இயந்திரம் செய்யும் நிறுவனங்கள் இந்த ஆக்சைடை மணிக்கு ஆயிரக்கணக்கான தகடுகளில் படியவைக்கும் கருவிகளைக் கொண்டுவந்தன.

சிட்னியில் பிறந்த யோசனையின் கடைசித் துண்டு, அதற்குத் தொடர்பே இல்லாத மெல்லேடு ஆராய்ச்சியிலிருந்து வந்தது பாருங்கள். 1989-ல் எந்தத் திட்டக்குழு உட்கார்ந்து யோசித்திருந்தாலும் 'ஐந்தோவனில் அலுமினியம் ஆக்சைடுக்குப் பணம் கொடுங்கள்' என்று எழுதியிருக்காது. நிதி கொடுப்பவர்கள் மூன்று வருடத்தில் பலன் கேட்பது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம், ஏனென்றால் இந்தக் கதையில் எந்த ஒரு மூன்று வருடத்தை எடுத்துப் பார்த்தாலும் தோல்வி போலத்தான் தெரியும்.

இரண்டாவது காரணம் பணம். 2000-களில் சிலிக்கன் தட்டுப்பாடு; யார் எதைச் செய்தாலும் விற்றது. தொழிற்சாலையின் தயாரிப்பு வரிசையை மாற்ற யாருக்கும் அவசரம் இல்லை. 2011-க்குப் பிறகு பேனல் விலை சரிந்தது. ஒரே மாதிரி பேனல் விற்பவர்கள் ஒருவரையொருவர் விழுங்கத் தொடங்கினார்கள். அப்போது பெர்க்குக்கு ஓர் அனுகூலம் தெரிந்தது: பழைய வரிசையை இடிக்க வேண்டாம், நடுவில் இரண்டு மூன்று இயந்திரங்களைச் செருகினால் போதும். இதைவிட நல்ல செல்கள் அப்போதே இருந்தன. ஸ்டான்போர்டு பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் சுவான்சன் தொடங்கிய சன்பவர், எல்லா உலோகத் தொடர்பையும் பின்பக்கமே வைத்து அழகான செல் செய்தது. அதற்குத் தனி வரிசை, தனிச் செய்முறை வேண்டும். அதனால் அது விலையுயர்ந்த ஓரச் சந்தையிலேயே நின்றது. பழைய வரிசையோடு ஒத்துப்போனது வென்றது. ஆராய்ச்சிக்கு வரும் மாணவர்கள் இதைச் சீக்கிரமே தெரிந்துகொள்வது நல்லது.

மூன்றாவது காரணம், உண்மையில் காரணம் என்பதைவிடப் பாலம் என்று சொல்ல வேண்டும்: ஆட்கள். ஷி ஜெங்ரோங் சீனாவிலிருந்து சிட்னிக்கு வந்து கிரீனிடம் பிஎச்.டி. முடித்தவர். 2001-ல் ஊர் திரும்பி வூஷி நகரில் சன்டெக் என்ற சோலார் கம்பெனியைத் தொடங்கினார். 2005-ல் அது நியூயார்க் பங்குச் சந்தையில் ஏறியது. அதைப் பார்த்துச் சீனாவில் பலர் இறங்கினார்கள். 2013-ல் சன்டெக் கடனில் நொடித்தது. ஆனாலும் அது பழக்கிவிட்ட தொழில் அங்கேயே நின்றது. ஜாவோவும் வாங்கும் நான்ஜிங்கில் சைனா சனர்ஜி என்ற கம்பெனிக்குப் போனார்கள். சிட்னியில் படித்த மாணவர்கள் பல சீனக் கம்பெனிகளின் தொழில்நுட்பப் பொறுப்புகளில் அமர்ந்தார்கள். 2023-ல் பொறியியலுக்கான ராணி எலிசபெத் பரிசு கிரீன், பிளேக்கர்ஸ், ஜாவோ, வாங் நால்வருக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. பெர்க்குக்காக. காப்புரிமையில் சம்பாதித்ததைவிட ஆட்களை உருவாக்கி அனுப்பியதுதான் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெரிய பங்கு என்று நான் நினைக்கிறேன்.

தொழிற்சாலைக்குள் போனதும் கதை முடியவில்லை. போரானும் தகட்டில் தங்கியிருக்கும் ஆக்சிஜனும் வெயில் பட்டதும் சேர்ந்து புதிய கோளாறை உண்டாக்கும். பழைய செல்லில் அது சின்னத் தொந்தரவு. பெர்க்கில் மற்ற இழப்புகள் குறைந்துவிட்டதால் இது பெரிதாகத் தெரிந்தது. பேனல் மாடிக்குப் போன பிறகு திறன் இறங்கினால் யார் வாங்குவார்கள்? சிட்னியிலேயே ஸ்டூவர்ட் வென்ஹாமின் குழு, நைட்ரைடு ஏட்டில் ஏற்கெனவே இருக்கும் ஹைட்ரஜனைச் சரியான வெப்பத்திலும் வெளிச்சத்திலும் தகட்டுக்குள் அனுப்பி இந்தக் கோளாறுகளைக் கட்டிப்போடும் முறையைக் கண்டது. பிறகு தொழில் போரானுக்குப் பதில் காலியத்துக்கு மாறிப் பிரச்சினையைப் பெருமளவு ஒதுக்கிவிட்டது. ஓர் இழப்பை அடைத்தால் அடுத்தது முகம் காட்டும், இந்தத் துறை முழுக்க அப்படித்தான்.

இனி உங்கள் மாடிக்கு வருவோம். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு 300 வாட் பேனல் ஏறக்குறைய 1.94 சதுர மீட்டர். அதாவது 15.5%. இப்போது விற்கும் 540 வாட் பெர்க் பேனல் ஏறக்குறைய 2.58 சதுர மீட்டர். அதாவது 20.9%. மூன்று கிலோவாட்டுக்கு அன்றைக்குச் சுமார் 208 சதுர அடி பேனல் வேண்டும், இன்றைக்கு 155 போதும். தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, படிக்கட்டு அறை எல்லாம் போக மிஞ்சும் நம் ஊர் மாடியில் 50 சதுர அடி சின்ன விஷயம் இல்லை. பேனல் மட்டும் மலிந்தால் போதாது. இரும்புச் சட்டம், ஒயர், ஆள்கூலி எல்லாமே பரப்பைப் பொறுத்து ஏறுகிறவை. திறன் கூடினால் இவையும் சேர்ந்து குறையும்.

சூடு இன்னொன்று. பேனலில் எழுதியிருக்கும் 540 வாட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. சித்திரை வெயிலில் செல் 65 டிகிரியைத் தொடும். பழைய வகைச் செல்லில் ஒரு டிகிரிக்கு 0.45% வரை இறங்கும். 40 டிகிரிக்கு 18% போச்சு. பெர்க்கில் 0.35%, அதாவது 14%. அதிக வோல்டேஜ் தரும் செல் சூட்டிலும் குறைவாக இழக்கும், பின்பக்க ஏடு போட்டதன் பலன் இது. குளிர் நாட்டில் செய்த ஆராய்ச்சியின் லாபம் நம் ஊரில் கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கிறது.

இப்போது பெர்க்கும் பின்வாங்குகிறது. டாப்கான் என்று புதிய கொட்டேஷன்களில் வருவது அடுத்த கட்டம். துளை போட்டுத் தொடுவதற்குப் பதில், ஒன்றிரண்டு நானோமீட்டர் ஆக்சைடு வழியாகவே எலெக்ட்ரானை ஊடுருவ விடும் முறை. 2013-ல் ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வுக்கூடம் காட்டியது. பத்தே வருடத்தில் சந்தையைப் பிடித்துவிட்டது. பெர்க்குக்கு முப்பது, இதற்குப் பத்து. இயந்திரம் செய்பவரும் பயிற்சி பெற்ற பொறியாளரும் தயாராக இருந்ததால் வந்த வேகம் இது. திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா பவர் நிறுவியிருக்கும் 4.3 கிகாவாட் ஆலை சிலிக்கன் செல்லே செய்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் 2024 தொடக்கத்தில் திறந்த பர்ஸ்ட் சோலார் ஆலையில் சிலிக்கனுக்குப் பதில் காட்மியம் டெல்லுரைடு என்ற பொருள். அதன் வேரும் அமெரிக்காவின் கண்ணாடி நகரமான டொலிடோவில்தான் இருக்கிறது, அங்கும் பல்கலைக்கழகம் கூடவே இருந்தது. படித்துவிட்டு வேலைக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு இப்போது உள்ளூரிலேயே முகவரி இருக்கிறது.

சோலார் மட்டுமே ஆற்றல் ஆராய்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் துறை மின்பொறியியல், அதில் மிச்சப்படுத்தும் பக்கம் இன்னும் நெருக்கம். பழைய சீலிங் பேன் 75 வாட் இழுக்கும். காந்தச் சுழலியும் மின்னணுக் கட்டுப்பாடும் உள்ள பி.எல்.டி.சி. பேன் அதே காற்றுக்கு 30 வாட் இழுக்கும். நான்கு பேன், தினம் 12 மணி நேரம் என்றால் நாளுக்கு 2 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஒரு கிலோவாட் சோலார் நம் ஊரில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும் என்றால், பேன் மாற்றுவது அரைக் கிலோவாட் பேனல் போடுவதற்குச் சமம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு இந்த வழியில் இன்னும் ஒரு படி போனது. சோலார் தருவது டி.சி., பேட்டரி டி.சி., எல்.இ.டி. விளக்கும் பி.எல்.டி.சி. பேனும் உள்ளே டி.சி., அப்புறம் எதற்கு நடுவில் ஏ.சி.க்கு மாற்றி மறுபடி டி.சி.க்கு மாற்றுகிறோம் என்று கேட்டு, 48 வோல்ட் டி.சி. வீட்டு அமைப்பைச் செய்தது. ராஜஸ்தானில் மின்சாரம் எட்டாத ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அது போனது. இதுவும் இழப்புக் கணக்கிலிருந்தே பிறந்த வேலை.

இதையெல்லாம் வைத்து, ஆய்வகம் தேடும்போது என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். அளவீடு எப்படி நடக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஒரு செல்லை அளப்பது என்றால், அதை முலாம் பூசிய உலோக மேடையில் உறிஞ்சிப் பிடித்து, 25 டிகிரியில் நிறுத்தி, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியை வீசி, கரண்டுக்கு ஒரு ஜோடி முனையும் வோல்டேஜுக்குத் தனி ஜோடியுமாகத் தொட்டு எடுப்பது. பக்கத்துக்கு 2 செ.மீ. உள்ள செல்லில் அளவு 0.1 மில்லிமீட்டர் பிசகினால் பரப்பு 1% மாறும். 25% என்பது 25.25% ஆகிவிடும். அது ஒரு வருட உழைப்புக்குச் சமமான வித்தியாசம். ஆகவே சாதனை என்று யார் சொன்னாலும் வெளியே உள்ள அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அளந்தார்களா, பரப்பு என்ன, எத்தனை மணி நேரம் வெளிச்சத்தில் வைத்த பிறகு அளந்தார்கள் என்று பாருங்கள். கிரீன் 1993 முதல் வருடத்துக்கு இருமுறை வெளியிட்டுவரும் உலகச் செல் திறன் அட்டவணை இந்தக் கண்டிப்பால்தான் மதிக்கப்படுகிறது.

பெரோவ்ஸ்கைட் என்ற புதிய வகைச் செல் பொருளில் இன்று நடக்கும் ஆராய்ச்சிக்கும் இதே கேள்விகள் பொருந்தும். 2009-ல் ஜப்பானில் 3.8 சதவீதத்தில் தொடங்கியது, இப்போது சிலிக்கன் மேல் அடுக்கி ஆய்வகத்தில் 34 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். ஒற்றைப் பொருளின் வரம்பையே இந்த அடுக்கு தாண்டுகிறது, எனக்கு மெய்யாகவே சிலிர்ப்பு தரும் வேலை. ஆனால் ஈரமும் சூடும் அதற்கு எதிரி, நம் கடற்கரை ஊர்களில் இரண்டும் தாராளம். இந்தப் பிரிவில் சேர்வதானால் திறனைக் கூட்டும் ஆயிரமாவது கட்டுரையைவிட, அது ஏன் கெடுகிறது என்று தோண்டும் குழுவில் சேருங்கள்.

கெடுவதைப் படிப்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யில் 2010-ல் தொடங்கிய தேசிய ஒளிமின் ஆராய்ச்சி மையம், தேசிய சூரிய ஆற்றல் நிறுவனத்தோடு சேர்ந்து நாடு முழுக்கப் போய் வெயிலில் நிற்கும் பேனல்களை அளந்தது. வெப்பமான பகுதிகளில் வேகமாகத் தேய்கிறது, பெரிய மின்நிலையங்களைவிடச் சின்ன அமைப்புகளிலும் மாடிகளிலும் தேய்மானம் அதிகம் என்று கண்டது. மாடியில் அதிகம் தேய்வதற்குப் பொருளோடு பொருத்தும் விதமும் காரணம். கவர்ச்சியான தலைப்பு இல்லை, சாதனை எண்ணும் இல்லை. ஆனாலும் இருபத்தைந்து வருட வாரண்டியை நம்பிக் கடன் வாங்குகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள ஆராய்ச்சி எது?

நீங்கள் மூன்றாம் வருடத்தில் இருக்கிறீர்கள், காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கல்லூரி மாடியில் சோலார் இருந்தால் ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, அவர் கூட இருக்கும்போது, ஒரு பேனலை வரிசையிலிருந்து பிரித்து அதன் கரண்ட்-வோல்டேஜ் வளைகோட்டை எடுங்கள். பக்கத்திலேயே ஒளி அளவியும், பேனலின் முதுகில் ஒட்டிய வெப்பமானியும் வேண்டும். வந்த எண்ணைப் பேனலின் பெயர்ப்பலகையோடு ஒப்பிட்டு, குறைவதில் சூட்டுக்கு எவ்வளவு, தூசுக்கு எவ்வளவு, ஒயருக்கு எவ்வளவு, மிச்சம் பேனலின் தேய்மானமா என்று பிரித்து எழுதிப் பாருங்கள். தூசின் பங்கு தெரிய, துடைப்பதற்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். எம்.டெக். நேர்காணலுக்குப் போகும்போது அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.